எஸ்தர் காயவிட்ட தொட்டிகள்

மணவாள நகர் கடையில் இட்லி கட்டச் சொல்லிவிட்டு நின்றிருந்தபோது போன் வந்தது. எஸ்தர் தூக்கத்திலேயே போய்விட்டார் என்றார் அவருடைய அண்ணன். முந்தின நாள் மாலைதான், "தொட்டிங்கள ஆரும் தொடாம பாத்துக்குங்க சார்" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினார். இட்லியை வாங்காமலே வந்துவிட்டேன்.

எங்கள் நெல் ஆய்வுப் பண்ணையில் அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு அந்தத் தொட்டிகளைத் தெரியும். தொட்டியில் வளரும் நெற்பயிருக்குத் தண்ணீரை நிறுத்தினால் அது உள்ளுக்குள் என்ன செய்கிறது என்பதுதான் அவருடைய கேள்வி. பயிர் இலைத்துளைகளை மூடிக்கொள்கிறது. உணவு தயாரிப்பது குறைகிறது. வளர்ச்சியைத் தள்ளிவைத்துவிட்டு, செல்லில் மிஞ்சிய நீரைப் பிடித்துவைக்கச் சர்க்கரையையும் புரோலின் என்ற அமினோ அமிலத்தையும் சேர்த்துக்கொள்கிறது. இதையெல்லாம் நான் படம் போட்டு விளக்குவேன். எஸ்தர் பெரிய கூட்டத்திலும் தன் கும்மிடிப்பூண்டித் தமிழில் முடித்துவிடுவார்: "ஆல மூடிட்டா ஊட்ல இன்னா பண்ணுவோம்? கீறத வச்சி ஓட்டுவோம். அதான் சார்." அவருடைய அப்பா இரும்பு ஆலைத் தொழிலாளி.

ஒரு பருவத்தில், பண்ணை வேலை செய்யும் முனியம்மா அந்தத் தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டார். பூக்கும் நேரத்தில் இலை சுருண்டு நின்ற பயிரைப் பார்த்து அவருக்கு மனசு கேட்கவில்லை. எங்கள் உழைப்பெல்லாம் பாழ். நான் கத்திக்கொண்டிருந்தேன். எஸ்தர் முனியம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். "எனக்கும் பாவமாத்தான்க்கா கீது. ஆனா இப்ப ஊத்திட்டா, மழ பொய்க்கிற வருஷம் எந்த நெல்லு தாங்கும்னு தெரியாமப் பூடும். சோதனைக்குக் கடேசி இல அறுத்ததும் மொதத் தண்ணி நீதான் ஊத்தணும்." அன்றிலிருந்து அதுவே எங்கள் வழக்கமானது.

காயும் பயிருக்கு முன்னால் எஸ்தர் தண்ணீர் குடிக்கமாட்டார். பாட்டிலைத் தொட்டிகள் இருக்கும் கொட்டகைக்கு வெளியே வைத்துவிட்டுத்தான் உள்ளே வருவார். "அதுங்களுக்குக் கண்ணா இருக்கு?" என்று ஒருமுறை கிண்டல் செய்தேன். "எனக்கு கீதே சார்" என்றார்.

அடக்கம் முடிந்த மறுநாள்தான் கடைசி இலை அறுக்க வேண்டிய நாள். துக்கத்தில் யாராவது குழாயைத் திறந்திருந்தால் அவருடைய கடைசி வேலையும் போயிருக்குமே என்று பயந்துகொண்டே போனேன். குழாயடியில் முனியம்மா உட்கார்ந்திருந்தார். அழுது முகம் வீங்கியிருந்தது. தொட்டிகளில் மண் வெடித்துக் கிடந்தது.

"ஆரையும் கிட்ட உடல சார். நீங்க அறுத்துக்குங்க, அப்பால நான் ஊத்திக்கிறேன்."

அறுத்த இலைகளை உறையவைக்கும் குடுவைக்குள் போட்டேன். அது எப்போதும் எஸ்தர் செய்கிற வேலை. முனியம்மா ஒவ்வொரு தொட்டிக்கும் நிதானமாகத் தண்ணீர் ஊற்றினார். ஊற்றும்போது அவர் அழவில்லை, நான்தான் அழுதேன்.

தொண்டை வறண்டிருந்தது. என் பாட்டிலைத் தேடினேன், காணோம். உள்ளே வரும்போதே கொட்டகைக்கு வெளியே, அவர் வைக்கிற இடத்தில், வைத்துவிட்டு வந்திருக்கிறேன். எஸ்தரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இதுதான். இனி அது அங்கேதான் இருக்கும்.