அப்பா சொன்ன லாட்ஜ்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் வீட்டில் அப்பா இருந்தார். அம்மா இருந்தாள். தங்கை நந்தினி காபி டம்ளர்களோடு சமையலறைத் தடுப்புக்குப் பின்னால் நின்றிருந்தாள். அவள் விரும்பிய செந்தில், செந்திலின் அம்மா, அவனுடைய பெரியப்பா மூவரும் பக்கத்து வீட்டிலிருந்து வாங்கி வந்த பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். நான் இல்லை. ஸ்பீக்கரில் போட்ட ஒரு கைப்பேசிக்குள் என் குரல் மட்டும் இருந்தது.

அந்தக் குரலே போதுமானதாக இருந்தது... அத்தனை பேர் முன்னாலும் என் அப்பாவைப் பொய்யராக்க!

ஆம், நான்தான் செய்தேன். அப்பா உண்மையைச் சொன்னார். நான் அதை இல்லை என்றேன். தான் சொன்னதுதான் உண்மை என்று இன்றுவரை அவருக்குத் தெரியாது. முதலில் உங்களிடம்தான் சொல்கிறேன்.

திருவொற்றியூருக்கு வடக்கே, நெட்டுக்குப்பம் என்ற மீனவர் குப்பத்தில் பிறந்தவன் நான். அப்பாவிடம் சின்னதாக ஒரு ஃபைபர் படகு உண்டு. முகத்துவாரத்தைத் தாண்டிப் போனால் மீன், தாண்டாவிட்டால் ஆற்றில் கிடைக்கிற இறால். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். கேட்டரிங் டிப்ளமோ முடித்தேன். நகரத்து ஓட்டல் ஒன்றில் இரண்டு வருடம் படுக்கை விரித்தேன். பிறகு அங்கே எனக்கு சீனியராக இருந்தவர் மூலம் தென் ஆப்பிரிக்காவில் வேலை கிடைத்தது. தனியாருக்குச் சொந்தமான ஒரு பெரிய வனக் காப்பகத்துக்குள் இருக்கும் சஃபாரி லாட்ஜ்.

சஃபாரி லாட்ஜ்... இந்த இரண்டு சொற்களும் எங்கள் ஊரில் என்ன பாடுபடும் என்று உங்களுக்குத் தெரியும்.

சஃபாரி என்றதும் அப்பா என்னைத் திருவொற்றியூரில் ஒரு டெய்லரிடம் இழுத்துக்கொண்டு போனார். அந்தக் கம்பெனியில் எல்லோரும் சஃபாரி டிரஸ்தான் போடுவார்கள் போலிருக்கிறது, கையில் ஒன்றாவது இருக்கட்டும் என்று அவருக்கு நினைப்பு. நான் சொல்லச் சொல்லக் கேட்கவில்லை. காக்கிக்கும் சந்தனத்துக்கும் இடைப்பட்ட ஒரு நிறம். தைத்து வந்ததும் அதைப் போட்டு நிற்கவைத்துப் பார்த்தார். "எலெக்சன்ல நிக்கிற மாதிரி கீற!" என்று சிரித்தார்.

சஃபாரியையாவது சிரித்துக் கடக்கலாம். லாட்ஜை?

எங்களுக்கு லாட்ஜ் என்றால் ரயில் நிலையத்துக்கு எதிரே இருட்டுப் படிக்கட்டு ஏறிப் போகும் இடம். மணிக்கணக்கில் அறை கிடைக்கும் இடம். போலீஸ் வந்து கதவு தட்டும் இடம். அங்கே வேலை பார்க்கும் பையன் என்னவெல்லாம் வாங்கிவரப் போவான் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள்.

கிளம்புவதற்கு முந்தின நாள் அப்பாவிடம் எல்லாவற்றையும் விளக்கினேன். அந்த ஊரில் லாட்ஜ் என்றால் வேறு, நைனா. (அவரை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன். எழுத உட்கார்ந்தால் கை அப்பா என்று எழுதிவிடுகிறது.) காடு. காட்டுக்கு நடுவில் மொத்தமே எட்டுக் கூடாரம். கூடாரம் என்று பேர்தானே தவிர, உள்ளே தேக்குத் தரை, வெள்ளைக் கொசுவலை, காட்டைப் பார்த்தபடி குளிக்க ஒரு தொட்டி. உலகத்துப் பணக்காரர்கள் சிங்கம் பார்க்க வருவார்கள்.

அப்பா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"வேலி கீதா?"

"இல்ல நைனா."

"அப்ப சிங்கம் வூட்டாண்ட வந்தா?"

"துப்பாக்கி வெச்சிகினு ஆள் இருப்பாங்க. இருட்டிடுச்சின்னா கெஸ்ட தனியா நடக்க வுடமாட்டாங்க."

"நீ எவன் கூட நடப்ப? அத்த சொல்லு மொதல்ல."

அவ்வளவுதான்! லாட்ஜ் என்ற சொல்லைப் பற்றி அவருக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை. மகன் சொன்னான், இருக்கும். இத்தனை எளிதாக என்னை நம்பிய மனிதர் வேறு யாரும் இல்லை.

அங்கே போன பிறகு நான் அனுப்பிய ஒவ்வொரு படமும் எங்கள் குப்பத்து டீக்கடையில் கைமாறியது. யானை வந்து விருந்தினரின் நீச்சல் தொட்டியில் துதிக்கை விட்டுத் தண்ணீர் குடித்த படம். காலை ஐந்தரைக்குத் திறந்த ஜீப்பில் போகிறவர்களின் மடிக்கு நான் வெந்நீர்ப் பைகள் நிரப்பி வைக்கும் படம். அப்பா ஃபோனில் சிரித்தார்: "ஜீப்புல குந்திகினு போறவனுக்கு மடில சுடுதண்ணியா? நான் மார்கழில கடலுக்குப் போறேனே, உங்கம்மா ஒரு நாளு குட்த்திருப்பாளா?" பின்னாலிருந்து அம்மா ஏதோ திட்டியது கேட்டது.

டீக்கடையில் கிண்டல் இல்லாமலா? அப்பாவின் தோஸ்து ஒருவர், பக்கத்துப் படகுக்காரர், விடவே மாட்டாராம். "இன்னா மாமு, உம் புள்ள லாட்ஜுல சிங்கம் கீதா? நம்ம சென்ட்ரலாண்ட லாட்ஜுல மூட்டப்பூச்சிதான் கீது!" கடையே சிரிக்குமாம். அப்பாவும் சிரித்துவிட்டு, "போடாங்... அது வேற லாட்ஜு. நீ போனா மூட்டப்பூச்சியே உனுக்கு ரூம் தராது" என்பாராம். இதையெல்லாம் அவரே எனக்கு ஃபோனில் நடித்துக் காட்டுவார்.

நானோ? இதையும் சொல்லிவிடுகிறேன். கூடப் படித்த யாரிடமும் லாட்ஜ் என்று நான் சொன்னதே இல்லை. "ஹாஸ்பிடாலிட்டியில் இருக்கிறேன்" என்பேன். நான் வாயில் எடுக்கக் கூசிய சொல்லை என் அப்பா கடைத்தெருவில் மார்தட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

நந்தினியும் செந்திலும் கல்லூரியில் ஒன்றாகப் படித்தவர்கள். செந்திலின் குடும்பம் தெற்கத்திப் பக்கத்திலிருந்து வந்து திருவொற்றியூரில் மளிகை மொத்த வியாபாரம் செய்பவர்கள். குப்பத்தில் பெண் எடுப்பதா என்று ஒரு வருடம் மறுத்தார்கள். மகன் பிடிவாதமாக நின்றதால் அன்றைக்குப் பார்க்க வந்தார்கள். பெரியப்பா சரி என்றால் திருமணம். இல்லை என்றால் இல்லை. நந்தினி முந்தின நாள் எனக்கு அனுப்பிய செய்தியில் ஒரே ஒரு வரி: "அண்ணா, ஃபோன எடுக்காம இருந்துடாத."

விருந்தினர்கள் காலைச் சவாரிக்குப் போயிருந்த நேரம். நான் நான்காம் கூடாரத்தில் படுக்கை விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் சிபோ, என்னோடு வேலை பார்க்கும் உள்ளூர்ப் பையன், தலையணைக்கு உறை போட்டுக்கொண்டிருந்தான். ஃபோன் வந்தது. பெரியப்பாவின் குரல். மரியாதையான குரல்தான்.

"தம்பி, நல்லா இருக்கியளா? ஒண்ணுமில்ல... அப்பா என்னமோ சொல்லுதாவ. லாட்ஜில வேல பாக்கான்னு. லாட்ஜுன்னா... இந்த ரூம் போடுத லாட்ஜா, தம்பி?"

அவர் குரலுக்குப் பின்னால் என் வீட்டின் மின்விசிறி சுற்றுவது கேட்டது.

என் அப்பாவுக்குப் பத்து நிமிடத்தில் விளக்கியதை அந்தப் பெரியவருக்கு இரண்டு நிமிடத்தில் விளக்கியிருக்கலாம். ஐயா, அந்த ஊரில் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் வேறு, அப்பா சொல்வது சரிதான் என்று ஒரு வாக்கியம்! ஒரே ஒரு வாக்கியம்... ஏன் வரவில்லை? கையில் மற்றவர் படுத்து எழுந்த விரிப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேனே, அதனாலா? நந்தினிக்காகத்தான் என்று பல நாள் எனக்கே சொல்லிப் பார்த்தேன். நந்தினிக்காக இல்லை. எனக்காக.

நான் சொன்னது இது:

"இல்லீங்க ஐயா. அப்பாவுக்கு வெவரம் பத்தாது. படிக்காதவரு, காதுல விழுந்தத சொல்றாரு. இது ரிசார்ட். நான் மேனேஜரா இருக்கேன்."

எவ்வளவு சுத்தமாகப் பேசினேன், பார்த்தீர்களா! குப்பத்தின் வாடையே இல்லாமல்!

உடனே அப்பாவின் சிரிப்பு கேட்டது.

"ஆமாங்க... நமக்கு இன்னா தெரியும்? மழைக்குக்கூட இஸ்கூலாண்ட ஒதுங்குனதில்ல. எதையோ லாட்ஜுன்னு சொல்லிகினு கீறேன் இத்தினி நாளா!"

எல்லோரும் சிரித்தார்கள். அவர்தான் முதலில் சிரித்து, மற்றவர்கள் சிரிக்க வழிவிட்டார். நாற்காலிகள் நகர்ந்தன. நந்தினியைக் காபி கொண்டுவரச் சொல்லும் குரல் கேட்டது.

ஃபோனை வைத்தேன். தமிழ் தெரியாத சிபோவுக்கு இடையில் வந்த ஒரு சொல் மட்டும் புரிந்திருந்தது. தலையணையை மார்போடு அணைத்துக்கொண்டு குனிந்து வணக்கம் வைத்தான். "காலை வணக்கம், மேனேஜர் சார்! ஐந்தாம் கூடாரத்துக்குத் துண்டு நீங்கள் கொண்டுவருகிறீர்களா, நான் கொண்டுவரட்டுமா?" விளையாட்டுக்குத்தான் சொன்னான். நானும் சிரித்தேன். துண்டுகளை நானே தூக்கிக்கொண்டு போனேன்.

அன்று மாலை அப்பா கூப்பிட்டார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால்...

"கண்ணு, சபைல உன்ன பேஜார் பண்ணிட்டேன். மன்ச்சிக்கோ. அது இன்னா பேரு சொன்ன, இன்னொரு தபா சொல்லு. நான் பயக்கிக்கிறேன்."

"ரிசார்ட், நைனா."

"ரீ...சாட்டு."

"ரிசார்ட்."

"ரிசாட்டு. ஆங், வந்துடுச்சி!"

இப்படி ஒரு தகப்பன்! அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும், நைனா நீ சொன்னதுதான் சரி என்று. எங்கள் வாசல் பலகையிலும் என் சட்டைப் பையின் மேலும் லாட்ஜ் என்றுதான் இருக்கிறது என்று. நான் அவருக்குப் பொய்ச் சொல்லின் உச்சரிப்பைத் திருத்திக்கொண்டிருந்தேன்.

அடுத்த நாள் அவர் டீக்கடைக்குப் போய் எல்லோரிடமும், "லாட்ஜு இல்லபா, ரிசாட்டு. நான்தான் தப்பா சொல்லிகினு இருந்தேன்" என்று சொன்னாராம். அந்தத் தோஸ்து அன்றைக்குக் கிண்டல் செய்யவில்லையாம். அம்மா சொன்னாள். அதன் பிறகு அப்பா என் வேலையைப் பற்றிக் கடையில் பேசுவது குறைந்துபோயிற்று. வேலையைப் பற்றி யாராவது கேட்டால், "பையன் வந்தா அவனையே கேளு, எனக்கு வெவரம் பத்தாது" என்கிறாராம். வெவரம் பத்தாது... அது என் வாக்கியம். அப்படியே எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறார்.

திருமணம் முடிவானது. ஆனால் முதலில் பேசியபடி கோயிலில் தாலி, வீட்டில் சாப்பாடு என்பது மாறிவிட்டது. மேனேஜர் வீட்டுச் சம்பந்தம் அல்லவா! பெரியப்பா எதையும் வாய்விட்டுக் கேட்கவில்லை. "நாங்க ஒண்ணும் கேக்கமாட்டோம். தம்பி நல்ல நெலமையில இருக்காவ, உங்க பொண்ணுக்கு நீங்க செய்யாமலா இருப்பிய?" என்றார், அவ்வளவுதான். மண்டபம் வந்தது. நகை கூடியது. நான் சேர்த்ததெல்லாம் அனுப்பினேன். போதவில்லை. மேனேஜரின் கையில் ஏன் இவ்வளவுதான் இருக்கிறது என்று அப்பா கேட்கவே இல்லை. அவருக்குத் தோன்றவில்லையா, தோன்றியும் கேட்கவில்லையா? இந்தக் கேள்வியோடு எத்தனை கூடாரங்களில் படுக்கை விரித்திருக்கிறேன்...

திருமணத்துக்கு வந்தேன். நந்தினி அழகாக இருந்தாள். பெரியப்பா என்னைத் தோளில் கை போட்டு ஒவ்வொருவரிடமும் அழைத்துப்போய், "மேனேஜரு" என்று அறிமுகம் செய்தார். நல்ல மனிதர். நந்தினியை மகள் போல வைத்திருக்கிறார்கள். அதனால் இப்போது உண்மையைச் சொன்னால் யாருக்கு என்ன ஆகும் என்று பயமாகவும் இருக்கிறது. இது சாக்கா? சாக்குதான்.

திருமணத்துக்கு மறுநாள் ஆற்றோரம் நடந்தேன். எங்கள் படகு கட்டும் இடத்தில் வேறொருவர் படகு நின்றது. அப்பா பின்னாலேயே வந்திருந்தார். நான் கேட்பதற்கு முன்னால் அவரே சொன்னார்.

"வித்துட்டேன். ஆத்துல இன்னா கீது இப்ப? கரண்டு கம்பெனி வுடுற சாம்பத் தண்ணிதான் கீது. கன்டெய்னர் யார்டுல வாச்மேன் வேல குட்த்திருக்கான், குந்திகினே சம்பளம். எனக்கும் வயசாவுதுல்ல?"

அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. மணலில் கால் புதைய நின்றுகொண்டு, என் கண்ணைப் பார்க்காமல், எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார்.

சொல்லிவிடு, சொல்லிவிடு என்று உள்ளே ஒன்று அடித்துக்கொண்டது. வாயைத் திறந்தேன்.

"எவ்ளோக்கு நைனா போச்சு?" என்றுதான் கேட்டேன்.

சொன்னார். எனக்கு அந்தத் தொகை தெரிந்த தொகை. எங்கள் லாட்ஜில் ஒருவர் ஓர் இரவு தங்குவதற்கு ஏறக்குறைய அவ்வளவுதான் வாங்குகிறார்கள். படகு, இன்ஜின், வலை எல்லாம் சேர்த்து, ஒரு லட்சத்து எண்பதாயிரம் ரூபாய்.