சதை எடுத்து அனுப்பிய பத்து நாட்கள்

பெரம்பலூரில் மருந்துக் கடைக்குப் போய், "தலையிடிக்கு ரெண்டு குளிசை தாங்கோ" என்று கேட்டால் கடைக்காரர் முதலில் முகத்தைப் பார்ப்பார். பிறகு, "நீங்க கேரளாவா?" என்று கேட்பார். வந்த புதிதில் எனக்கு இது பல முறை நடந்திருக்கிறது. இல்லை ஐயா, நான் தமிழன், மன்னாரிலிருந்து வந்த அகதி என்று விளங்கப்படுத்தி முடிப்பதற்குள் பின்னால் நிற்பவர்கள் பொறுமை இழந்துவிடுவார்கள். அதனால் முகாம் வாசலைத் தாண்டியதும் நாக்கை மாற்றிக்கொள்ளப் பழகினேன். குளிசை மாத்திரையாயிற்று, தலையிடி தலவலியாயிற்று, தாங்கோ குடுங்கவாயிற்று. கனடாவிலும் பிரான்சிலும் இருக்கிற நம்மவர்கள் இதைப் படித்தால் சிரிக்கக்கூடும். அவர்கள் அந்நிய மொழியைப் படித்துப் பிழைக்கிறார்கள். நான் படித்தது என் சொந்த மொழியையே. பதினைந்து வருடத்தில் ஓரளவு தேறியும் இருந்தேன். வலி வந்தபோதுதான் அந்தப் படிப்பெல்லாம் ஒரு நொடியில் மறந்துபோகும் என்று தெரிந்தது.

2005ஆம் ஆண்டு ஐப்பசி. பாடாலூரில் சாலையோரமாக ஒரு மாடி வீட்டுக்கு வர்ணம் பூசிக்கொண்டிருந்தோம். மேஸ்திரி செல்வராசு அந்த ஊர்க்காரர். ஆறு வருடமாக அவரிடம்தான் எனக்கு வேலை. சாரத்தில் நின்று சுவரைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது, வயிற்றின் வலப்பக்கம் கீழே யாரோ கையை விட்டுக் குடலை முறுக்கியதுபோல இருந்தது. எப்படி இறங்கினேன் என்று தெரியாது. மணல் குவியலுக்குப் பக்கத்தில் குனிந்து நாலு தரம் வாந்தி எடுத்தேன். கொல்லைப்பக்கம் போய்விட்டு வந்து அதைவிடப் பயந்தேன். மலத்தோடு இரத்தம் போயிருந்தது. அதை மேஸ்திரியிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. முகத்தைப் பார்த்தே அவர் ஏதோ கண்டுபிடித்துவிட்டார்.

"யோவ் சூசை, மூஞ்சி என்னய்யா இப்புடி வெளுத்துப் போச்சு? வண்டில ஏறு. சட்டையெல்லாம் மாத்த வேணாம், ஏறுய்யா."

பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா என்ன பண்ணுகிறது என்று கேட்டார். வலியில் எனக்கு வந்தது அம்மாவின் தமிழ்தான்.

"மத்தியானத்திலிருந்து நாலு தரம் சத்தி எடுத்தனான்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "சக்தி எடுத்தீங்களா? எந்தக் கோயிலுக்கு? வெறும் வயித்துலயா எடுத்தீங்க?"

அம்மன் கோயிலுக்குக் கரகம் எடுத்து மயங்கி விழுந்தவன் என்று நினைத்துவிட்டார். நான் தலையை ஆட்டி ஆட்டி, சத்தி, சத்தி என்கிறேன். அவர் விரதம் எத்தனை நாள் என்கிறார். வேறு நாளாக இருந்தால் நானும் சிரித்திருப்பேன். அன்றைக்கு, சரியான சொல் கிடைக்காமலே செத்துப்போவேன் என்று உண்மையாகவே நம்பினேன். செல்வராசு குறுக்கே வந்தார்.

"வாந்திங்கம்மா, வாந்தி. அவரு சிலோன்காரரு, அப்புடித்தான் பேசுவாரு. வேற என்னமோ இருக்கு, சொல்ல மாட்டேங்குறாரு. டாக்டர வரச்சொல்லுங்க."

அங்கிருந்து திருச்சிக்கு அனுப்பினார்கள். ஸ்கேன் எடுத்தார்கள். குழாய் விட்டுக் குடலைப் பார்த்தார்கள். என்னைவிட வயதில் இளைய ஒரு டாக்டர், படத்தை வெளிச்சத்தில் பிடித்தபடி பேசினார். "சிறுகுடலும் பெருங்குடலும் சேர்ற எடத்துல தடிச்சிருக்கு. அங்கேருந்து கொஞ்சம் சதை எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பியிருக்கோம். பத்து நாள் ஆகும்."

"கட்டியா டாக்டர்?"

"கட்டியாவும் இருக்கலாம். வேற ஏதாச்சும் கிருமியாவும் இருக்கலாம். இப்பவே எதுவும் சொல்ல முடியாது. கஞ்சி மாதிரி சாப்பிடுங்க. திரும்ப வாந்தி வந்தா உடனே வந்துடணும்."

முதலில் சொன்ன சொல் மட்டும்தான் காதில் நின்றது. அது எங்கள் வீட்டுக்குப் பழைய சொல். எனக்குப் பதினேழு வயதில் அப்பாவை மன்னார் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். டாக்டர் சிங்களவர், தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. "கொஹேத ரிதென்னே?" என்று, எங்கே நோகிறது என்பதைச் சிங்களத்தில் கேட்டுவிட்டு, அப்பா விழிப்பதைப் பார்த்து, தன் வயிற்றிலேயே நாலு இடத்தில் அமுக்கிக் காட்டினார். மூன்றாவது இடத்தில் அப்பா தலையை ஆட்டினார். கட்டி என்று மொழிபெயர்த்துச் சொன்னவர் அங்கே தரை கூட்டுகிற ஆள். அப்பா அதன் பிறகு ஒரு மழைக்காலத்தை மட்டும் பார்த்தார். திருச்சியிலிருந்து பஸ்ஸில் வரும்போது அப்பாவின் கைதான் நினைவில் வந்துகொண்டே இருந்தது. கடைசி நாட்களில் அது எவ்வளவு மெலிந்திருந்தது என்று நினைத்து, என் மணிக்கட்டை மற்றக் கை விரல்களால் சுற்றிப் பார்த்தேன். விரல்கள் முட்டின. முன்பும் முட்டுமா என்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.

அந்தப் பத்து நாளும் அதையே செய்துகொண்டிருந்தேன். எட்டுக்கு எட்டு அறையில் மறைவாக அளந்து பார்க்க முடியாது. மனைவி திரேசா கண்டுவிட்டுத் திரும்பிக்கொள்வாள். வயிற்றில் சின்ன இரைச்சல் கேட்டாலும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பேன். பொது மலசலகூடத்துக்குப் போகும் ஒவ்வொரு தடவையும் இரத்தம் தெரிகிறதா என்று குனிந்து பார்ப்பேன். மகள் நிர்மலாவுக்கு அப்போது ஒன்பது வயது. இங்கே பிறந்தவள், இந்த ஊர்ப் பிள்ளைகள் மாதிரியே பேசுவாள். "அப்பா, கஞ்சி குடிச்சீங்களா? ஏன் கொஞ்சமா குடிக்கிறீங்க?" என்று பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் கேட்பாள். அவள் கேட்கும்போது விழுங்குவேன். அவள் போனதும் சட்டியை மூடி வைத்துவிடுவேன். சாப்பிட்டால் அந்தக் கட்டிக்கும் சேர்த்து ஊட்டுகிறேன் என்று ஒரு மடத்தனமான பயம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஊரில் போர் நிறுத்தம் வந்து மூன்று வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. திரும்பிப் போக விரும்புகிறவர்கள் பெயர் கொடுக்கலாம் என்றார்கள். திரேசாவின் தாய் அங்கே தனியே இருந்தார். ஆவணியில் நாங்களும் எழுதிக் கொடுத்திருந்தோம். வயிறு முறுக்கியது அதற்கு இரண்டு மாதம் பிந்தி. ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, திரேசா அரிசி புடைத்துக்கொண்டிருந்தபோது, எனக்குள் கிடந்ததைச் சொல்லிவிட்டேன்.

"ஏதும் நடந்தா என்னை இஞ்ச புதைச்சுப்போட்டு நீங்கள் ரெண்டு பேரும் போங்கோ. எனக்காக நிக்க வேண்டாம்."

அவள் சுளகைக் கீழே வைக்கவில்லை. "பேர் குடுத்தது மூண்டு பேருக்கு. போனா மூண்டு பேரும் போறம். இல்லாட்டி மூண்டு பேரும் இருக்கிறம். இனி இந்தக் கதை கதைக்காதேங்கோ."

குரல் உறுதியாக இருந்தது. சுளகில் இருந்த அரிசியில் பாதி தரையில் சிந்திக் கிடந்தது.

அடுத்த ஞாயிறு அவள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அரியலூர் பஸ் ஏறி, அங்கிருந்து ஏலாக்குறிச்சி மாதா கோயிலுக்குப் போனாள். செக்கிங்குக்கு, அதாவது முகாமில் ஆள் எண்ணுகிற நேரத்துக்கு, நான் இருந்தால் போதும் என்று பொறுப்பதிகாரி சொல்லியிருந்தார். அவர்கள் வரும்வரை கதவருகே உட்கார்ந்திருந்தேன். பொழுது சாய வந்தார்கள். திரேசாவின் முகத்தில் வேண்டுதல் வைத்துவிட்டு வந்த நிம்மதி இல்லை.

"கோயில்ல ஒரு மனுசி பக்கத்தில இருந்து செபம் சொன்னவ. எந்த ஊரும்மா எண்டு கேட்டா. நான் பெரம்பலூர் எண்டு சொல்லிப்போட்டன்."

"அதுக்கென்ன?"

"மாதாவுக்கு முன்னால பொய் சொல்லிட்டனே. அவ இதை வச்சு உங்களைச் சோதிச்சா?"

பொய் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். உண்மை என்றும் சொல்ல முடியவில்லை. நிர்மலாதான் இடையில் புகுந்தாள். "ஏம்மா, நம்ம பெரம்பலூர்தானே? வேற எந்த ஊரு?"

பத்தாம் நாள் திருச்சிக்குச் செல்வராசும் வந்தார். நான் அழைக்கவில்லை. பாடாலூர் நிறுத்தத்தில் பஸ்ஸில் ஏறி, எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டார். "நீ பாட்டுக்கு அங்க போயி சக்தி கிக்தின்னு சொல்லிக்கிட்டு நிப்ப" என்றார். ஆஸ்பத்திரி வராந்தாவில் என் பெயரைக் கூப்பிட்டபோது எழுந்திருக்க முடியவில்லை. ஒரு பக்கம் திரேசா, ஒரு பக்கம் மேஸ்திரி பிடித்து உள்ளே கொண்டுபோனார்கள்.

டாக்டர் தாளைப் படித்தார். படித்து முடிக்க அவருக்கு ஆன நேரத்தில் நான் திரேசாவின் மறுமணத்தைக்கூட யோசித்துவிட்டேன்.

"புத்துநோய் இல்லைங்க. குடல்ல டி.பி. வந்திருக்கு."

"டி.பி.யா? டி.பி.தானா?" என்று திரேசா கேட்டாள்.

"ஆமாம்மா. ஒன்பது மாசம் விடாம மாத்திரை போடணும். நடுவுல நிறுத்தவே கூடாது. பெரம்பலூர்லயே குடுப்பாங்க."

திரேசா முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். டாக்டர் பயந்துபோய், குணப்படுத்திவிடலாம், அழாதீர்கள் என்றார். செல்வராசு மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னார்: "அது சந்தோசத்துல அழுவுறாங்க சார். நீங்க எழுதுங்க."

காசநோய் வந்ததற்காக எங்கள் மூவரையும்போல மகிழ்ந்தவர்கள் இருக்க மாட்டார்கள். ஆனால் பயம் உடனே போய்விடவில்லை. மருந்து தொடங்கி இரண்டு மாதம்வரை, அவர்கள் தாளை மாற்றிக் கொடுத்திருப்பார்களோ என்று சந்தேகம். மணிக்கட்டை அளப்பதை நிறுத்த அதைவிட நாளாயிற்று. விரல்கள் முட்டாமல் விலகிய அன்று திரேசாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் தன் விரல்களாலும் சுற்றிப் பார்த்தாள்.

பெயர் கொடுத்திருந்தவர்களில் சில குடும்பங்கள் மாசியில் புறப்பட்டுப் போயின. நாங்கள் மாத்திரைக்காக நின்றோம். ஒன்பது மாதம் முடிந்து டாக்டர், "இனிமே உங்களுக்கு ஒண்ணும் இல்ல, எங்க வேணாலும் போகலாம்" என்று சொன்ன அந்த ஆடியில், அங்கே மறுபடி சண்டை பிடித்துவிட்டது. இராமேஸ்வரத்துக்கு மறுபடி அகதிப் படகுகள் வந்துகொண்டிருந்தன. திரேசாவின் தாயிடமிருந்து கடிதம் நின்றுபோனது. இதை எழுதுகிற 2007இலும் ஒரு தகவலும் இல்லை. அந்த நோய் வராமல் இருந்திருந்தால் நாங்கள் அங்கே இருந்திருப்போம். அவருக்குப் பக்கத்தில் இருந்திருப்போம் என்றும் நினைப்பேன், என்னவாகியிருப்போம் என்றும் நினைப்பேன். திரேசாவோடு இதைப் பேசுவதில்லை.

சென்ற வாரம் செக்கிங் முடிகிற நேரத்தில் அதிகாரி எங்களை நிறுத்தினார். "சூசை, திரும்பிப் போறவங்க லிஸ்ட்ல உங்க குடும்பத்துப் பேரு இன்னும் கெடக்கு. அடிச்சிடவா, இல்ல வச்சிருக்கவா?"

நான் திரேசாவைப் பார்த்தேன். அவள் மேசையில் இருந்த நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது கிடக்கட்டும் ஐயா" என்றாள்.

அவர் அந்த நோட்டை மூடி ஓரமாக வைத்துவிட்டு, முகாம் நோட்டை என் பக்கம் திருப்பினார். இன்றைக்கும் இங்கேதான் இருக்கிறேன் என்று கையெழுத்துப் போட்டேன். மூடிக்கிடந்த நோட்டுக்குள், போகிறேன் என்று எழுதிக் கொடுத்த அதே கையெழுத்து இருந்தது.