கையெழுத்துப் போடாத இரண்டு நாள்

முப்பத்து நான்கு வருட ராணுவச் சேவையில் கர்னல் துப்பாக்கி சுட்டதெல்லாம் பயிற்சி மைதானத்தோடு சரி. அதனால் மனைவியின் தம்பி அவருக்குக் ‘காகிதக் கர்னல்’ என்று பெயர் வைத்திருந்தார். கர்னல் கோபித்துக்கொண்டதில்லை. “காகிதம் இல்லாட்டி சிப்பாய்க்குச் சாப்பாடும் வராது, லீவும் வராது மச்சான்,” என்பார்.

பதினெட்டு வயதில் குமாஸ்தாவாகச் சேர்ந்தவர். தேர்வெழுதி அதிகாரியாகி, மேஜராக இருந்தபோது ஆவண அலுவலகம் அவர் பொறுப்புக்கு வந்தது. நீளமான ஓட்டுக் கட்டடம், கூரையைத் தொடும் இரும்பு அலமாரிகள். ஆளுக்கொரு கோப்பு: பிறந்த தேதி, ரத்த வகை, உடம்பிலுள்ள தழும்பு, ஏதாவது ஆகிவிட்டால் யாருக்குச் சொல்ல வேண்டும் என்கிற முகவரி.

போர் தொடங்கிய இரண்டாவது வாரம், இறந்தவர்கள் பட்டியல் வந்தது. பதினோரு பேர். மேஜர் கையெழுத்துப் போட்டால்தான் வீடுகளுக்குத் தந்தி போகும். பத்துக்குப் போட்டார். பதினோராவதில் பேனா நின்றது. படை எண்ணைப் பார்த்தால் அந்தச் சிப்பாய் ஒரு லாரி ஓட்டுநர். இறந்த இடமோ மலை உச்சிக் காவல் அரண்.

“லாரி போகாத இடத்துல டிரைவருக்கு என்ன வேலை?” என்று தலைமைக் குமாஸ்தாவிடம் கேட்டார்.

கோப்புகளைப் புரட்டியதில் அதே பெயரில் இன்னொரு சிப்பாய் அகப்பட்டார். எண்ணில் கடைசி இரண்டு இலக்கம் மட்டும் முன்பின்னாக இருந்தது. களத்துக்கு விசாரித்துச் செய்தி அனுப்பிவிட்டுக் காத்திருந்தார்.

மதியம் பிரிகேடியர் தொலைபேசியில் பிடித்தார். “பத்துதான் போயிருக்கு. இன்னொண்ணு என்னாச்சு?”

“ஆள் மாறியிருக்குமோன்னு சந்தேகம் சார்.”

“சந்தேகத்துக்கெல்லாம் காத்துக்கிட்டிருக்க முடியாது. போட்டு அனுப்புங்க.”

“உறுதியாகற வரைக்கும் போட மாட்டேன் சார். எழுத்துலயே குடுத்துடறேன்.”

மறுமுனையில் தொலைபேசி வைக்கப்பட்டது.

மூன்றாம் நாள் காலை பதில் வந்தது. ஓட்டுநர் காய்ச்சலோடு மருத்துவமனையில் படுத்திருக்கிறார். இறந்தது மற்றவர். அலுவலகத்தில் ஒருவர் கைதட்டப் போனார். மேஜரின் முகத்தைப் பார்த்துக் கையை இறக்கிக்கொண்டார்.

“இதுக்குத் தந்தி வேண்டாம். நானே போறேன்,” என்றார் மேஜர்.

ஆறு மணி நேரப் பயணம். மாடி அறையொன்றில் இறந்தவரின் மனைவி பள்ளிச் சீருடை தைத்துக்கொண்டிருந்தாள். அவர் நின்றபடியே விஷயத்தைச் சொன்னார். அவள் தையல் இயந்திரத்தின் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினாள்.

“எப்ப நடந்துச்சு?”

“அஞ்சு நாளாச்சும்மா. ரெண்டு நாள் என்னால தாமதம். அது இவர்தான்னு உறுதியாத் தெரியல.”

“நேத்துதான் அவருக்கு லெட்டர் போட்டேன். அதை யாராவது பிரிச்சுப் படிப்பாங்களா?”

“யாரும் பிரிக்க மாட்டாங்க. திருப்பி வாங்கித் தர்றேன்.”

சொன்னதைச் செய்தார். மூன்று வாரம் நான்கு அலுவலகங்களை விடாமல் துரத்தி, ஒட்டுப் பிரியாத அந்தக் கடிதத்தைத் தானே கொண்டுபோய்க் கொடுத்தார்.

அவரைப் பற்றி மேலிடம் எழுதும் அந்த வருட ரகசிய அறிக்கையில் ‘மேலதிகாரி சொல் கேளாதவர்’ என்று ஒரு வரி ஏறியது. பதவி உயர்வு மூன்று வருடம் தள்ளிப்போனது.

“ஏங்க, கையெழுத்தைப் போட்டிருந்தா என்னாயிருக்கும்?” என்று மனைவி கேட்டாள்.

“டிரைவர் வீட்டுல ஒப்பாரி வச்சிருப்பாங்க.”

“சரி விடுங்க. மூணு வருஷம்தானே,” என்று சொல்லிவிட்டு அவள் துணி மடிக்கப் போய்விட்டாள்.

கர்னலானதும் அவர் போட்ட முதல் உத்தரவு நான்கே வரி. எண், பெயர், பணியிடம் மூன்றும் ஒத்துப்போகாமல் எந்த மரணச் செய்தியும் வெளியே போகக்கூடாது. அவசரப்படுத்துகிறவர், எந்தப் பதவியில் இருந்தாலும், அதை எழுத்தில் தர வேண்டும். அவர் ஓய்வு பெறும்வரை அப்படி எழுதித் தர ஒருவரும் முன்வரவில்லை.