நான் சொல்லாமல் விட்ட கடைசி அத்தியாயம்

நான் எட்டாம் வகுப்பு முடித்த கோடை விடுமுறையில் நடந்தது இது. அப்போது பீர்க்கன்கரணையில், ஏரிக்குப் பக்கத்தில், ஐந்து வீடுகள் வரிசையாக இருந்த ஒரு காம்பவுண்டில் குடியிருந்தோம். பக்கத்து வீட்டில் ஓர் அக்கா. என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். டெய்லர் கடையிலிருந்து வரும் ரவிக்கைகளுக்கு ஹூக் தைப்பார், புடவைகளுக்கு ஃபால்ஸ் அடிப்பார்.

அவருடைய கல்யாணம் கொஞ்சம் வேறு மாதிரி. கூடப் பிறந்த அக்கா இரண்டு குழந்தைகளை விட்டுவிட்டு இறந்துபோனதும், பிள்ளைகளை வளர்க்க வேற்றாள் வேண்டாம் என்று பெரியவர்கள் கூடிப் பேசி, அக்கா கணவருக்கே இவரைக் கட்டிவைத்துவிட்டார்கள். சர்ச்சில் ஆயர் ஜெபித்து முடித்துவைத்தார், விருந்துகூட இல்லை என்று என் அம்மா சொல்வார். மாமா நல்ல மனிதர். ரயில்வேயில் வேலை. அவர் குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. உண்மையைச் சொன்னால், பேசியே அதிகம் கேட்டதில்லை. சாப்பிட்ட தட்டை அவரே கழுவி வைப்பார், ஹாலில் தனியாகப் படுப்பார். ஒரே வீட்டுக்கு வந்த இரண்டு விருந்தாளிகள் மாதிரி இருந்தார்கள்.

எங்கள் சர்ச்சில் நூலகம் என்றால் ஓர் இரும்பு பீரோ. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் திறப்பார்கள். அதிலிருந்து எடுத்துவந்த ஓர் ஆங்கில நாவல் என்னைப் பைத்தியமாக்கியது. பாய்மரக் கப்பல் காலத்துக் கதை. போதகராக இருந்த அப்பா இறந்துவிட, சர்ச் கொடுத்த வீட்டை மகள் காலி செய்ய வேண்டும், போக்கிடம் இல்லை. அந்த ஊர்க் கலங்கரை விளக்கத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலை குடும்பஸ்தனுக்குத்தான் என்று சட்டம், அங்கே இருப்பவனுக்கு உடனே ஒரு மனைவி தேவை. இருவரும் பேசி வைத்துக்கொண்டு கல்யாணம் செய்துகொள்கிறார்கள். மரியாதை உண்டு, தினமும் சேர்ந்து ஜெபம் உண்டு, காதல் மட்டும் கிடையாது. ஒரு வருஷம் கழித்து அவள் விருப்பப்பட்டால் போய்விடலாம் என்பது பேச்சு.

அக்கா தமிழ் மீடியத்தில் பத்தாவது வரை படித்தவர். ஒருநாள் அது என்ன கதை என்று கேட்டார். எனக்குத்தான் ஆங்கிலம் தெரியும் என்ற பெருமை, தமிழில் சொல்ல ஆரம்பித்தேன். பிறகு தினமும் மதியம் அவர் ஊசியும் நூலுமாக, நான் புத்தகமும் கையுமாக. தெரியாத இடத்திலெல்லாம் கூசாமல் அடித்துவிட்டேன். கதையில் அவள் காலையில் காய்ச்சும் ஓட்ஸ் கஞ்சி என் வாயில் கேழ்வரகுக் கூழானது. கலங்கரை விளக்கம் மட்டும் சிரமம் தரவில்லை, அக்கா மகாபலிபுரத்தில் பார்த்திருந்தார்.

பத்து நாளில் அக்கா கதைக்குள் போய்விட்டார். மழையில் நனைந்து வந்தவனுக்காக அவள் கம்பளிச் சட்டையைக் காய வைத்திருந்தாள் என்றால் ஊசி நின்றுவிடும். அவன் கவனித்தானா என்று கேட்பார். கவனித்தான், ஆனால் வாயைத் திறக்கவில்லை என்பேன். வாயைத் திறக்காதவனைப் பற்றி எதற்கு இவ்வளவு எழுதுகிறார்கள் என்று கோபித்துக்கொள்வார்.

ஞாயிற்றுக்கிழமை புத்தகத்தைத் திருப்பித் தர வேண்டும். சனிக்கிழமை காலையில் நான் மட்டும் முடிவைப் படித்துவிட்டேன். அந்தப் பெண்தான் முதலில் பேசுகிறாள். அன்று பேசிவைத்த பேச்சுக்காக அல்ல, உங்களுக்காகத்தான் இங்கே இருக்கிறேன், உங்களை நேசிக்கிறேன் என்கிறாள். அவன் அவளைச் சேர்த்து அணைத்துக்கொள்கிறான். ஆங்கிலத்தில் அதை மூன்று தடவை படித்தேன், அவ்வளவு இனிப்பு. அதையே தமிழில், அக்கா முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று நினைத்ததும் காது சூடாகிவிட்டது. நேசிக்கிறேன் என்று எங்கள் வீட்டில் யாரும் யாரிடமும் சொல்லி நான் கேட்டதில்லை. சர்ச்சில் பாட்டுப் பாடும்போது மட்டும்தான் அந்த வார்த்தை எங்கள் வாயில் வரும்.

அன்று மதியம் அக்கா சீக்கிரமே வேலையை முடித்துவிட்டு, பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டு, தையலைக்கூட எடுக்காமல் எனக்காக உட்கார்ந்திருந்தார்.

"இன்னிக்காவது அவ சொல்லிடுவாளா?" என்று கேட்டார்.

புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டே பொய் சொன்னேன். "இல்லக்கா. ரெண்டு பேரும் கடைசிவரைக்கும் எதுவும் சொல்லிக்கவே இல்ல. அப்படியே ஜெபம் பண்ணிக்கிட்டு நல்லபடியா இருந்துட்டாங்க. அவ்ளோதான் கதை."

 அதுவும் சரிதான் என்று சொல்லிவிட்டு அக்கா தையல் பையை இழுத்தார். தப்பித்தோமடா சாமி என்று நான் விளையாட ஓடிவிட்டேன்.

அடுத்த வருஷமே நாங்கள் முடிச்சூருக்குக் குடிபோனோம். படிப்பு, கல்யாணம், காட்டாங்குளத்தூரில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை என்று காலம் ஓடிவிட்டது. அக்காவைக் கிறிஸ்துமஸ் ஆராதனையில் பார்த்தால் இரண்டு வார்த்தை பேசுவேன். மூன்று வருஷத்துக்கு முன் மாமா இறந்தபோது போய் நின்றுவிட்டு வந்தேன்.

போன வருஷம் சர்ச் பீரோவைக் காலி செய்தார்கள், வேண்டியவர்கள் புத்தகங்களை எடுத்துப்போகலாம் என்றார்கள். அடியில் அந்த நாவல் கிடந்தது. வீட்டுக்கு வந்து ஒரே மூச்சில் படித்தேன். பக்கத்துக்குப் பக்கம் ஓரத்தில் பென்சிலால் நான் எழுதி வைத்திருந்த தமிழ் அர்த்தங்கள். அந்தக் கோடையே திரும்பி வந்த மாதிரி தனியாகச் சிரித்தேன். கடைசி அத்தியாயத்தில் மட்டும் ஓரத்தில் ஒரு கிறுக்கல்கூட இல்லை. அதைப் பார்த்ததும்தான் நான் அக்காவிடம் சொன்னது நினைவுக்கு வந்தது.

சனிக்கிழமை புத்தகத்தோடு பெருங்களத்தூருக்குப் போனேன். அக்கா இப்போது பெரிய மகன் வீட்டில் இருக்கிறார். அன்று முடிவை மாற்றிச் சொன்னதை, சின்ன வயதுக் குறும்பைச் சொல்வது போலச் சிரித்துக்கொண்டே சொன்னேன். அக்கா சிரிக்கவில்லை.

நான் கதையை முடித்த சில மாதங்களில், இங்கே இருப்பதில் உனக்கு இஷ்டம்தானா என்று மாமா அவரிடம் கேட்டிருக்கிறார். கல்யாணமான பிறகு அவர் இவரைப் பற்றிக் கேட்ட முதல் கேள்வி அதுதானாம்.

"புள்ளைங்களுக்காகத்தான் இருக்கேன்னு சொல்லிட்டேன். வேற ஒண்ணு வாய் வரைக்கும் வந்துச்சு. அந்தக் கதையில வந்தவளே சொல்லல, நான் மட்டும் எதுக்கு அலையணும்னு முழுங்கிட்டேன். அப்புறம் அவரு கேக்கவே இல்ல" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. மன்னித்துவிடுங்கள் என்றேன். மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, திட்டவும் இல்லை. படி என்றார். ஒரு வரியும் விடாமல் தமிழில் படித்துச் சொன்னேன். நேசிக்கிறேன் என்ற இடத்தில், இந்த வயதிலும் நாக்குத் தடுமாறியது. அக்கா கையை உயர்த்தி நிறுத்தினார்.

"அதுக்கு அவன் இன்னா சொன்னான்?"

இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் முதல் மழைக்காலத்திலிருந்து காத்திருந்தேன் என்று அவன் சொல்வதாக எழுதியிருந்தது. அதையும் படித்தேன். அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். 

பதின்மூன்று வயதுப் பெண்ணின் தலையில் இவ்வளவு பழியைப் போடாதே, அவர்கள் வாழ்க்கை அவர்கள் கையில்தானே இருந்தது என்கிறார் என் கணவர். இருக்கலாம். ஆனால் ஒரு பெண் தைரியத்துக்காக என் வாயையே பார்த்துக்கொண்டிருந்த அந்த மதியத்தில், நான் என் இரண்டு நிமிட வெட்கத்தைத்தான் காப்பாற்றிக்கொண்டேன் என்பதை நினைத்தால் இன்றைக்கும் மனசு ஆறுவதில்லை.