சுமைதாங்கியில் இறங்கிய முதல் கூடை

போன வருடம் மாசி மாதம் ஒன்பதாம் தேதி, காலை எட்டு மணி பத்து நிமிடம். பனி விலகி வெயில் சுள்ளென்று ஏறத் தொடங்கியிருந்தது. கடல் பக்கமிருந்து லேசான உப்புக் காற்று. திருப்புல்லாணியிலிருந்து கடற்கரைக்குப் போகும் ரோட்டில், எங்கள் புஞ்சை ஓரத்து வேப்பமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். அப்படி உட்காருவது அன்றைக்குப் பத்தொன்பதாவது நாள். எதற்காக என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஒரே மகள் கல்யாணமாகி வடக்கே ஒரு பெரிய நகரத்தில் இருந்தாள். எட்டு மாதக் கர்ப்பிணி. தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வர டிக்கெட் எடுத்தாயிற்று. புறப்பட நாலு நாள் இருக்கும்போது கடைத்தெருவுக்குப் போனாள். அங்கே தீவிரவாதிகள் குண்டு வைத்திருந்தார்கள். அதற்கு மேல் எழுத எனக்குத் தெம்பில்லை.

மறு வருடம் அந்த இடத்தில் கறுப்புக் கல்லில் நினைவுச் சின்னம் திறந்தார்கள். நானும் மனைவியும் போயிருந்தோம். பெயர்களை வரிசையாகப் பொறித்து, கீழே பதினேழு பேர் நினைவாக என்று எழுதியிருந்தது. நான் அரசாங்க அலுவலகத்தில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவன். கணக்கு உதைத்தது. மகளோடு போன குழந்தை எந்த எண்ணிக்கையில் சேரும்? பதினெட்டு என்று திருத்துங்கள் என்று அங்கிருந்த அதிகாரியிடம் கேட்டேன். தன்மையாகத்தான் பேசினார். பிறக்காத குழந்தைக்குப் பெயரும் இல்லை, பதிவும் இல்லை, நான் என்ன செய்ய முடியும் என்றார். ஊருக்கு வந்தும் மனு மேல் மனு போட்டேன். பதில்கள் வந்தன. எண் மாறவில்லை.

ஒருநாள் மனைவி என் பேனாவைப் பிடுங்கி வைத்துவிட்டாள். "அவுக கல்லுல அவுக எழுதுனதுதான் இருக்கும். வயித்துப் புள்ளையோட போனவளுக்கு நம்ம பக்கம் என்ன கல்லு வைப்பாக? அத வைங்க" என்றாள்.

சுமைதாங்கியைத்தான் சொன்னாள். இரண்டு கல்லை நட்டு, மேலே குறுக்காக ஒரு கல், ஆள் தோள் உயரத்துக்கு. தலைச்சுமையோடு நடந்து வருகிறவர்கள் அதில் இறக்கி இளைப்பாறுவார்கள். அப்படி யாராவது இறக்கும்போது, சுமந்தபடியே இறந்தவளின் பாரமும் இறங்கும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. பெயர், எண் எதுவும் பொறிப்பதில்லை. கல் நிற்பதே தாய்க்கும் பிள்ளைக்கும் சேர்த்துத்தான்.

கல்லுக்கு இந்த ரோட்டைத் தேர்ந்தெடுத்ததும் மனைவிதான். சின்ன வயதில் மகளைப் பள்ளிக்கூட பஸ்ஸிலிருந்து இறக்கி இந்த வழியாகத்தான் கூட்டி வருவேன். இருவரும் பனைமரங்களை எண்ணிக்கொண்டே நடப்போம். நான் எண்பத்திரண்டு என்பேன். அவள் எண்பத்து மூன்று என்பாள். ஒரு தாய்ப்பனையின் காலடியில் முளைத்திருந்த வடலியையும் சேர்த்துக்கொள்வாள். அது இன்னும் மரமாகவில்லை என்பேன். "அதுவும் நிக்குதுல்லய்யா?" என்று இடுப்பில் கை வைத்துச் சண்டைக்கு வருவாள். வீடு வரைக்கும் இதே வழக்குத்தான்.

தை மாதம் கல் நட்டோம். மனைவி ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். "யாரையும் கேட்டு எறக்க வைக்கக் கூடாது. தானா வந்து எறக்கணும்."

யார் வருவார்கள்? எல்லோரிடமும் பைக் இருக்கிறது, ஷேர் ஆட்டோ ஓடுகிறது. என் மச்சினன் அந்த வழியே போகும்போதெல்லாம் வண்டியை நிறுத்திக் கேலி செய்வான். "மச்சான், இந்தக் காலத்துல தலையில என்ன இருக்கு, டை அடிச்ச முடிதான் இருக்கு. கல்லுக்குப் பதிலா செல்போன் சார்ஜ் போட ஒரு பிளக்கு வச்சிருந்தா கூட்டம் அள்ளியிருக்கும்." எட்டாவது நாள் ஒரு வாலிபன் ஹெல்மெட்டைக் கழற்றிக் கல்லில் வைத்துவிட்டுப் போன் பேசினான். ஓடிப்போய் மனைவியிடம் சொன்னேன். "அதுவும் தலையில இருந்து எறக்குனதுதானே" என்றாள், பாதி மனதோடு. நான் ஒத்துக்கொள்ளவில்லை. அதற்குப் பிறகு எனக்கு ராத்திரித் தூக்கமே போய்விட்டது. இறக்க ஆளே வராத இடத்தில் கல்லை நட்டு, மகளை இன்னும் சுமக்க வைத்துவிட்டோமோ என்று ஒரே நச்சரிப்பு மனதுக்குள்.

அந்தப் பத்தொன்பதாவது நாள் காலை ஒரு ஷேர் ஆட்டோ தூரத்தில் நின்றது. ஒரு பெண் இறங்கினாள். ஐம்பது வயதிருக்கும், கழுத்தில் ஜெபமாலை. தலையில் மீன் கூடையை வைத்துக்கொண்டு, ஆட்டோ போன திசையைத் திட்டியபடியே நடந்து வந்தாள்.

"பக்கத்துல இருந்தவ சேலையில ஒரு சொட்டு மீன் தண்ணி பட்டுருச்சாம், எறக்கி விட்டுட்டான். ராத்திரி மீன் கொழம்பு ஊத்தித் திங்கும்போது மட்டும் மணக்குமாக்கும்!"

அவள் நேராகக் கல்லுக்கு வந்தாள். லேசாகக் கழுத்தைச் சாய்த்தாள், கூடை கல்லுக்கு மாறியது. "அப்பாடா, மாதாவே" என்று சும்மாட்டுத் துணியை உதறி முகத்தைத் துடைத்தாள். பிறகுதான் என்னைப் பார்த்தாள்.

"யாரு கல்லுங்கய்யா?"

"என் மக."

"எத்தன மாசம்?"

"எட்டு."

எப்படி என்று கேட்கவில்லை. சிலுவை போட்டுக்கொண்டாள். ஒரு கணம் நிறுத்தி, இன்னொரு தடவை போட்டாள். "ரெண்டு பேரையும் மாதா மடியில வச்சுக்கிரட்டும்" என்றாள்.

எங்கள் வீட்டுக்கு வெளியே ரெண்டு பேர் என்று ஒருவர் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. கூடையிலிருந்து மீன் தண்ணீர் கல்லில் கோடாக இறங்கியது. கல்லில் காக்கை உட்கார்ந்தாலே வாளியோடு ஓடுகிறவன், அன்று பார்த்துக்கொண்டே இருந்தேன். நகரை மீன் அரைக் கிலோ வாங்கினேன். அவள் கிளம்பும்போது கூடையைத் தூக்கிவிட எழுந்தேன்.

"நீங்க உக்காருங்கய்யா. தாங்குறதுக்குத்தான் ஒங்க மக நிக்குதே" என்றாள். குனிந்து தலையைக் கூடைக்கு அடியில் கொடுத்தாள், யார் கையும் படாமல் எடுத்துக்கொண்டு நடந்தாள்.

வீட்டில் மனைவி மீனை வாங்கிப் பார்த்தாள். "என்ன வெல?" என்றாள். சொன்னேன். "பேரம் பேசலையா?" என்றாள். என் முகத்தையே பார்த்தாள்.

"எறக்கிட்டாகளா?"

தலையாட்டினேன். மீனைக் கையில் வைத்தபடியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

அந்த நகரத்துக் கல்லில் இன்றும் பதினேழுதான் இருக்கிறது. நான் மனு போடுவதை நிறுத்திவிட்டேன். இங்கே வழியில் போகும் யாரோ ஒருவருக்காக என் மகளும் அவள் பிள்ளையும் சேர்ந்து நிற்கிறார்கள் என்ற நினைப்புதான் இப்போது என்னைத் தூங்க வைக்கிறது. கல், லாரி வாடகை, கொத்தனார் கூலி எல்லாம் சேர்த்து அந்தத் தூக்கத்துக்கு ஆனது இருபத்தோராயிரத்து நானூறு ரூபாய்.