பாஸ்கர் பேர் போட்ட பை

புத்தம் புது மஞ்சள் பைக்கு ஒரு நெடி உண்டு. சாயமும் கஞ்சியும் வெற்றிலையும் தேங்காய் நாரும் கலந்து அடிக்கும் அந்த வாடை கல்யாண மண்டப வாசலில் ஊருக்கே மங்கலமாக மணக்கலாம், நான் மட்டும் இன்றைக்கும் மூக்கைப் பொத்திக்கொள்கிறேன்.

ஆவடி குவார்ட்டர்ஸில் கிறிஸ்தவத் தோழி வீட்டுக் கல்யாணத்தில் காகிதத்தில் மடித்த கேக்குத் துண்டு கொடுத்தார்கள், அம்பத்தூரில் பாய் வீட்டு நிக்காஹில் பேரீச்சம்பழம் கொடுத்தார்கள், இத்தாலியில் சர்க்கரை பூசிய பாதாமைச் சின்ன வலைத்துணியில் முடிந்து தருவார்களாம். எல்லாம் தின்றால் தீர்ந்தது. நம்மிடமும் வெறும் வெற்றிலை பாக்கைக் கையில் கொடுத்த காலத்தில் மென்று துப்பினால் கதை முடிந்திருக்கும். எந்த மகராசன் அதைப் பையில் போட்டு, பையின் மேல் பொண்ணு மாப்பிள்ளை பேரையும் அடித்தானோ, அவன் நன்றாயிருக்கட்டும்!

நான் ஆறாவது படித்தபோது என் அக்கா மல்லிகாவுக்கும் மேனாம்பேட்டில் எங்கள் அடுத்த தெரு பாஸ்கருக்கும் நிச்சயமானது. தெரிந்த அச்சகத்தில் சல்லிசாக முடிகிறதென்று, பத்திரிகை அடிப்பதற்கு முன்பே நாங்கள் ‘நைனா’ என்று கூப்பிடும் அப்பா தாம்பூலப் பை அடித்துவிட்டார். ‘பாஸ்கர் – மல்லிகா’ என்று சிவப்பு எழுத்தில் இரண்டு மூட்டைப் பைகள் வீட்டுக்கு வந்த அடுத்த வாரமே, பூந்தமல்லியில் மனையோடு ஒரு பெண் கிடைத்துவிட்டாளென்று பாஸ்கர் வீட்டார் ஆள் விட்டுச் சொல்லி எங்களைக் கைகழுவினார்கள். அந்த மூட்டைகளைப் பரணில் போட்ட நாளில் நைனா சாப்பிடவில்லை.

அதைக்கூட மன்னிக்கலாம், எங்கள் தெருவை மன்னிக்க மாட்டேன். அக்காவின் நிச்சயதார்த்தத்தில் எங்கள் வீட்டுப் பாயசத்தைக் குடித்த அத்தனை பேரும், கொஞ்சமும் கூச்சமில்லாமல் பாஸ்கரின் கல்யாணத்துக்கும் போய்த் தின்றுவிட்டு, ‘பாஸ்கர் – ரேவதி’ என்று அச்சடித்த பையோடு திரும்பினார்கள். பால் வாங்க அந்தப் பை, மீன் வாங்க அந்தப் பை, குழந்தையின் சிலேட்டுக்கும் அந்தப் பை. தெருவில் கால் வைத்தால் அவன் பேர்தான் எதிரே வரும். அக்கா குழாயடிக்குப் போவதை நிறுத்தினாள், பிறகு வாசலுக்கு வருவதையும் நிறுத்தினாள். குடம் என் இடுப்புக்கு வந்தது.

ஒரு நாள் பக்கத்து வீட்டு சரோஜாக்கா, அரிசி கடன் கேட்க அதே பையோடு எங்கள் வீட்டுக்குள்ளேயே வந்து நின்றாள். அம்மா முறைத்ததும், “துணி நல்லா கெட்டியா கீதும்மா, அதான் வெச்சிகினேன்” என்றாள். என்ன நெஞ்சழுத்தம்!

 மறுநாள் காலையில் அக்கா பரணில் ஏறி மூட்டையை இறக்கி, என்னையும் இழுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய், வாசலில் நின்றவர்களிடம் சொன்னாள்.

“அக்கா, எங்க ஊட்டுப் பையும் ஒண்ணு வெச்சிக்கோ. இதுவும் கெட்டித் துணிதான்.”

சும்மா வருவதை வேண்டாமென்று சொல்கிற ஜனமா அது? சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார்கள்.

ரேஷனில் அரிசி போட்ட அன்று வரிசை முழுக்க மஞ்சள் பைகள்: ஒன்றில் ரேவதி, அடுத்ததில் மல்லிகா, இரண்டிலும் பாஸ்கர். எடை போடுகிறவர் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, “யாருப்பா இந்த பாஸ்கரு? ரெண்டு பொண்டாட்டிக்காரனா?” என்று உரக்கக் கேட்க, கடையே கொல்லென்று சிரித்தது.

பொழுது சாய்வதற்குள் பாஸ்கரின் அம்மா எங்கள் வாசலில் நின்று கத்தினாள். “எம்புள்ள மானத்த வாங்கறியேடி!”

அக்கா இந்த முறை உள்ளே ஒளிந்துகொள்ளவில்லை, நேராக வாசலுக்கு வந்தாள். “எங்க பையில உங்க புள்ள பேரு தப்பா கீதா அத்தை? தப்புன்னா சொல்லுங்க, வேற பை தரேன்.”

அந்த அம்மாள் முந்தானையை உதறிக்கொண்டு போய்விட்டாள். அந்த வாரத்துக்குள் இரண்டு பையுமே தெருவிலிருந்து மறைந்தன. “இனிமே உன்ன எவன்டி கட்டிக்கினு போவான்?” என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அக்கா குடத்தை என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டு குழாயடிக்குப் போனாள்.

கட்டிக்கொள்ள ஒருவர் வரத்தான் செய்தார், சில வருஷம் கழித்து. அந்தக் கல்யாணத்துப் பையில் எந்தப் பேரும் இல்லை. அச்சடிக்க மறந்துவிட்டீர்களா என்று கேட்டவர்களின் கையில் அக்கா இன்னொரு பையைத் திணித்தாள்.

இப்போது மஞ்சள் பையும் இல்லை, தேங்காயும் இல்லை, எல்லாம் ‘ரிட்டர்ன் கிஃப்ட்’. போன மாதம் முகப்பேரில் ஒரு கல்யாணத்தில் ஆளுக்கொரு பிளாஸ்டிக் டப்பா கொடுத்தார்கள். மூடியில் பொண்ணு மாப்பிள்ளை பேர் போட்ட ஸ்டிக்கர். வீட்டுக்கு வந்து கழுவியதும் அது உரிந்து என் கையோடு வந்துவிட, என்ன கண்றாவி இது, ஒரு கழுவலுக்குக்கூடத் தாங்கவில்லையே என்று நான் திட்டினேன்.

கல்யாணத்துக்கு என்னோடு வந்திருந்த அக்கா டப்பாவை வாங்கித் துடைத்தாள்.

“நல்லதுதான்டி. கழுவினா போயிடுது பாரு.”