தொப்பி பள்ளிக்கு, இது குதிரைக்கு

ராத்தாவின் வீட்டில், சமைக்கிற குசினிக்குப் போகிற வாசல்நிலைக்குப் பக்கத்தில் ஓர் ஆணியில், சிவப்பு ஹெல்மெட் ஒன்று தொங்குகிறது. சிறுபிள்ளைகளின் அளவு. உள்ளே பஞ்சு வைத்த துணி வியர்வை பட்டுக் கறுத்துப்போய், நாடிக்குக் கீழே பூட்டுகிற பட்டி அறுந்து கையால் தைக்கப்பட்டிருக்கிறது. வலப்பக்கத்தில் நகத்தால் கீறினதுபோல நீளமாக ஒரு கோடு. ஊரிலே பெருநாளைக்குக் கடற்கரைக்குப் போன பிள்ளைகளில் பாதிப்பேரின் தலை ஒரு காலத்தில் இதற்குள் இருந்திருக்கும். பேன் தொற்றிவிடும் என்று ஒவ்வொரு பிள்ளையும் குதிரையிலிருந்து இறங்கியதும் மருந்துத் தண்ணியால் துடைத்து, வெயிலில் கவிழ்த்துவைத்து, அதற்குப் பிறகுதான் மச்சான் அதை அடுத்த பிள்ளைக்குப் போடுவார். வரிசையில் நிற்கிறவர்கள் முணுமுணுத்தால் காதிலேயே வாங்கமாட்டார்.

மச்சான் என்றால் என் அக்காவின், எங்கள் பேச்சில் ராத்தாவின், கணவர். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். அதனால் கல்யாணம் முடிந்த நாளிலிருந்து அவர் எங்கள் வீட்டு வளவுக்குள்ளேயே வாழ்ந்தார். கல்முனைக்குடியிலிருந்து வெளிநாடு போனவர்களெல்லாம் சாரதியாக, கடையில், கட்டடத்தில் என்று வேலை பார்க்க, இவர் மட்டும் ஓர் அரபியின் குதிரை லாயத்தில் மாட்டிக்கொண்டார். மற்றவர்கள் திரும்பி வரும்போது டீவியும் கம்பளியும் கொண்டுவந்தார்கள். இவருடைய பெட்டியில் குதிரை தேய்க்கிற பிரஷ், குளம்புக்குள் சிக்கிய கல்லைக் கிண்டுகிற கொக்கி, அந்தச் சிவப்பு ஹெல்மெட். கொஞ்சக் காலத்தில் மலைநாட்டுப் பக்கம் போய், பந்தயத்துக்கும் உதவாமல் பாரத்துக்கும் உதவாமல் நின்ற பெண்குதிரை ஒன்றை லொறியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார். தெருவே கூடிச் சிரித்தது. ராத்தா சிரிக்கவில்லை. "அரபிட குதிரைக்கிச் சாணி அள்ளினது காணாதெண்டு வூட்டுக்கும் கொண்டு வந்திரிக்கீங்களா" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினா. அவ குதிரைக்குப் பயம். அதன் மூச்சுச் சத்தம் கேட்டாலே முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொள்ளுவா.

மச்சான் அதற்கு சீதேவி என்று பேர் வைத்தார். நல்ல பிள்ளையைத்தான் எங்களூரில் சீதேவி என்போம். விடிந்ததும் நான்கு குளம்பையும் தூக்கிப் பார்ப்பார். கடற்கரையால் வந்தால் உப்பு போகக் காலைக் கிணற்றுத் தண்ணியால் கழுவுவார். சேணத்தை இறக்கியதும் வயிற்றுப் பட்டி இருந்த இடத்தை உள்ளங்கையால் தடவி, எங்காவது தோல் சூடாக இருக்கிறதா என்று பார்ப்பார். உச்சி வெயிலில் எவர் கேட்டாலும் குதிரையை வெளியே எடுக்கமாட்டார். தீனி விஷயத்தில் மனுஷன் ஒரு பிசாசு. அவருடைய கையால் அல்லாமல் ஒரு வாழைப்பழத் தோல்கூட அதன் வாய்க்குள் போகக்கூடாது. "குதிரைக்கி வாந்தி வராது புள்ள. உள்ளுக்குப் போனது போனதுதான். வயிறு முறுகினா முடிஞ்சுது" என்று என்னிடம் ஒருமுறை சொன்னார். நான் தாதியாக வேலை பார்க்கிறவள். இப்படியொரு உடம்பா என்று அன்றைக்கு ஆச்சரியமாக இருந்தது.

ஏறுகிற பிள்ளைகளுக்கும் அதே கண்டிப்புத்தான். கயிற்றைக் கையிலிருந்து விடமாட்டார், ஓடவிடமாட்டார், ஒரு நேரத்தில் ஒரு பிள்ளைதான். பெருநாளன்று சண்டை வருவது தொப்பியால். புது உடுப்பும் சரிகைத் தொப்பியுமாக வந்த பிள்ளை அதைக் கழற்ற மாட்டேன் என்று அழும். வாப்பாமார் போனைக் கையில் தூக்கிக்கொண்டு, "படத்துக்கு வடிவா இரிக்காதே காக்கா, தொப்பியோடயே ஏத்துங்களன்" என்பார்கள். "தொப்பி பள்ளிக்கு, இது குதிரைக்கு" என்பார் மச்சான். அதற்குமேல் கதைக்கமாட்டார். பள்ளி என்று நாங்கள் சொல்வது பள்ளிவாசலை. ஒத்துக்கொள்ளாவிட்டால் பிள்ளையைத் தூக்கி மணலில் விட்டுவிடுவார். மருதமுனைப் பிள்ளை ஒன்று ஒருமுறை நாய் குரைத்து குதிரை விலகினதில் கீழே விழுந்து, தோணி இழுக்கிற கட்டையில் தலை அடிபட்டது. எழும்பிச் சிரித்தது. ஹெல்மெட்டில் இருக்கிற கோடு அது. அன்று பின்னேரம் வளவுக்கு வந்து வெகுநேரம் அந்தக் கோட்டைத் தடவிக்கொண்டே இருந்தார். தேத்தண்ணி ஆறிப்போனது.

இப்படிப்பட்ட மனுஷன் வெள்ளிக்கிழமைகளில் செய்ததைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். எங்களூர்க்காரர்கள் நம்புவார்கள், ஏனென்றால் அவர்களும் அதைத்தான் செய்கிறார்கள். ஜும்ஆ தொழுகை நேரத்தில் தொப்பியோடு மோட்டார் சைக்கிளில் போகிறவனைப் பொலிஸ் மறிக்காது. யாரும் எழுதிவைத்த சட்டம் இல்லை, பள்ளிக்குப் போகிறவனை ஏன் மறிப்பான் என்ற ஒரு தாட்சண்யம். அந்தத் தாட்சண்யத்தில் ஊரே வெள்ளைத் தொப்பியும் அத்தர் மணமுமாக ஹெல்மெட் இல்லாமல் பறக்கும். மட்டக்களப்புக்குப் போவதென்றால் மச்சான் ஹெல்மெட் போடுவார், பட்டியும் பூட்டுவார். பள்ளிக்கென்றால் போடமாட்டார். நான் வேலை பார்த்தது அவசர சிகிச்சைப் பிரிவில். வெள்ளிக்கிழமை மத்தியானங்களில் எங்களிடம் என்ன வந்து சேரும் என்று எனக்குத் தெரியும். "குதிரைக்கி ஒரு சட்டம், பைக்குக்கு ஒரு சட்டமா மச்சான்" என்று கேட்டுச் சண்டை பிடித்திருக்கிறேன். "பள்ளிக்குத்தானே புள்ள போறன். அல்லாட வூட்டுக்குப் போற வழியில என்ன வரப்போகுது" என்று சிரித்தார். எனக்குக் கோபம் வந்தது. இப்போதும் அந்தச் சிரிப்பை நினைத்தால் கோபம்தான் முதலில் வருகிறது, அழுகை பிறகுதான்.

அந்த வெள்ளிக்கிழமை காலையில் பக்கத்து வீட்டில் நபியின் புகழ் பாடுகிற மௌலூது ஓதினார்கள். ஓதி முடிந்து பங்கிடுகிற சாப்பாட்டை நார்சா என்போம். கையில் தந்தால் வேண்டாம் என்று சொல்லக்கூடாது, மிஞ்சினாலும் குப்பையில் கொட்டக்கூடாது. அந்த வீட்டு மாமி சீனி போட்ட பாற்சோறு ஒரு சட்டி நிறைய வேலிக்கு மேலால் நீட்டினா. வீட்டில் எல்லோரும் சாப்பிட்டு மிஞ்சினதை என்ன செய்வதென்று ராத்தா முழிக்க, மச்சான் பள்ளிக்குப் போன நேரம் பார்த்து அந்த மாமியே அதை வாங்கி சீதேவிக்கு முன்னால் வைத்துவிட்டா. "ஓதின சோறு, மகள், வாயில்லாச் சீவனுக்கும் பறக்கத்துத்தான், ஒண்டும் செய்யாது" என்றாவாம். அன்பாகத்தான் செய்தா. அவவைக் குற்றம் சொல்லக்கூடாது என்று எனக்கு நானே அடிக்கடி சொல்லிக்கொள்கிறேன். சில நாட்களில் அது சரிவருவதில்லை.

மச்சான் தொழுதுவிட்டு வந்தபோது சீதேவி முன்னங்காலால் மண்ணைக் கிண்டிக்கொண்டு, தன் வயிற்றைத் தானே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு, வேர்த்து நனைந்து நின்றது. படுத்துப் புரளப் பார்த்தது. மிருக வைத்தியருக்குப் போன் எடுத்தார். வைத்தியர் நற்பிட்டிமுனையில் ஒரு வீட்டில் நின்றார், வாகனம் கராஜில். நானே வந்து கூட்டிக்கொண்டு வாறன் என்று சொல்லிவிட்டு, கயிற்றைப் பிடிக்க ஆள் தேடிச் சுற்றிப் பார்த்தார். ராத்தாதான் நின்றா. அவவின் கையை இழுத்துக் கயிற்றை அதற்குள் வைத்து மூடினார். "நடத்திக்கிட்டே இரி. படுக்க உடாத. படுத்தா வயிறு முறுகிரும். நான் இந்தா வாறன்." தொப்பி தலையிலேயே இருந்தது. உள்ளே போய் ஹெல்மெட்டை எடுக்க அவருக்குத் தோன்றியிருக்காது. ஜும்ஆ முடிந்து சனம் கலைகிற நேரம், வழியெல்லாம் தொப்பிகள்.

கட்டாக்காலி மாடு ஒன்று கன்றோடு வீதியைக் கடந்தது. கன்றை இடிக்காமல் பைக்கை ஒருபக்கம் வெட்டி எடுத்தார் என்று கண்டவர்கள் சொன்னார்கள். வேகமாகவும் போகவில்லையாம். விழுந்த இடத்தில் வடிகானின் கொங்கிரீட் விளிம்பு இருந்தது.

நான் கடமையில் இருந்தேன். தள்ளுவண்டியில் வந்த உடம்பில் சேட்டுப் பொத்தான்கூட அறுந்திருக்கவில்லை. முழங்கையில் ஒரு சிராய்ப்பு, அவ்வளவுதான். மற்றதெல்லாம் தலையில். அவர் பூசுகிற அத்தரின் மணம் அப்போதும் இருந்தது. மணத்தால்தான் முதலில் ஆளை அறிந்தேன். செய்ய வேண்டியதையெல்லாம் செய்தோம், செய்யும்போதே வீண் என்று தெரிந்தது. கொண்டுவந்த பொடியன்களில் ஒருவன் மண்ணைத் தட்டிச் சுத்தமாக்கி மடித்த தொப்பியை என்னிடம் நீட்டினான். அது எங்கேயும் கிழியவில்லை.

நான் வீட்டுக்கு வந்தபோது செய்தி எனக்கு முன்னால் வந்துவிட்டது. வளவு நிறையச் சனம். வைத்தியர் எவருடையதோ ஓட்டோவில் வந்து ஊசி போட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். சனத்துக்கு நடுவில் ராத்தா குதிரையை நடத்திக்கொண்டிருந்தா. தென்னைமரத்தைச் சுற்றி, கிணற்றடியால் திரும்பி, மறுபடி தென்னைமரம். முந்தானை விழுந்து இழுபட்டது, அதைக்கூட எடுக்கவில்லை. எங்கள் வாப்பா பக்கத்திலேயே நடந்து, "மகள், செல்றதக் கேளு, கயிற்ற உடு" என்று கெஞ்சினார். "படுக்க உட வேணாமெண்டு செல்லிட்டுப் போனவர், வாப்பா" என்றா. அவவுக்கு விளங்காமல் இல்லை. கண்ணால் தண்ணி ஓடிக்கொண்டுதான் இருந்தது. நான் போய்க் கயிற்றில் கை வைத்தேன், தட்டிவிட்டா. பயத்தில் ஒருநாளும் கிட்டப் போகாத மிருகத்தின் கழுத்தில் முகத்தைச் சாய்த்துக்கொண்டு நடந்தா. வெயில் தாழ்கிற நேரம் சீதேவி நின்று வாலைத் தூக்கி இலத்தி போட்டது. வயிறு திறந்துவிட்டது, இனிப் பயமில்லை என்றார் வைத்தியர். அதற்குப் பிறகுதான் ராத்தா கயிற்றை விட்டா. மச்சானின் மையித்தைக் கொண்டுவந்து இறக்கியதும் கிட்டப் போய்க் குனிந்து, வீட்டுச் செய்தி ஒன்றைச் சொல்கிறமாதிரி, "சீதேவிக்குச் சுகம்" என்றா. அதற்குப் பிறகு விழுந்துவிட்டா.

கணவரை இழந்தவள் வெளியே வராமல் இருக்கிற இத்தாவை ராத்தா இருந்த மாதங்களில் மலைநாட்டுக்காரர் ஒருவர் வந்து குதிரையைக் கொண்டுபோனார். லொறி கிளம்புகிற சத்தத்துக்கு அவ யன்னலைத் திறக்கவில்லை. அது எங்கே, உயிரோடு இருக்கிறதா என்பது எங்களுக்குத் தெரியாது.

அன்று தொட்டிலில் கிடந்த ராத்தாவின் மகன் இப்போது வாப்பாவின் உயரம். போன வெள்ளிக்கிழமை நான் அங்கே இருந்தேன். குளித்து, வெள்ளை உடுத்து, தொப்பி போட்டுக்கொண்டு பைக்கை உருட்டினான். ராத்தா சிவப்பு ஹெல்மெட்டை ஆணியிலிருந்து எடுத்து அவன் முன்னால் நீட்டினா. பெரிய ஹெல்மெட் அறைக்குள் இருக்கிறது, அதைக் கொடுத்து அலுத்துப்போனாவாம். "இது சின்னப்புள்ளட, உம்மா" என்று சிரித்தான். "பள்ளிக்குத்தானே போறன்." அவவின் நெற்றியைக் கொஞ்சிவிட்டுப் போய்விட்டான். அதே சிரிப்பு. அவனைத் திட்டுவதற்குக் வாசல் கேற் வரைக்கும் ஓடினேன், தெருவெல்லாம் தொப்பிகள், எதில் அவன் என்று தெரியவில்லை.

திரும்பிப் பார்த்தேன். ராத்தா ஹெல்மெட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நடக்கத் தொடங்கியிருந்தா. தென்னைமரத்தைச் சுற்றி, கிணற்றடியால் திரும்பி, மறுபடி தென்னைமரம். அந்த இடத்தில் புல் முளைப்பதில்லை என்பதை அன்றைக்குத்தான் கவனித்தேன். இரி ராத்தா என்றேன். இருக்கவில்லை. நானும் கூட நடந்தேன். ஒழுங்கைக்குள் பைக் சத்தம் கேட்டு, அவன் இறங்கி, உம்மா பசிக்குது என்று கூப்பிட்ட பிறகுதான் நின்றா. உள்ளே போய் ஹெல்மெட்டைத் துடைத்து ஆணியில் மாட்டிவிட்டு, சோறு போட்டா.